கேட்பவனின் இடம்

தமிழில் 'கேள்' என்ற வினைக்கு இரண்டு வேலைகள். காதால் வாங்கிக்கொள்வதும் கேட்பதுதான். வாய் திறந்து விசாரிப்பதும் கேட்பதுதான். திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே பேசப்படுவது செவி வழியாக வந்து சேரும் அறிவு. இன்று கேள்வி என்று சொன்னால் யாருக்கும் முதலில் செவி ஞாபகம் வராது; வினாக்குறிதான் ஞாபகம் வரும். இரண்டு பொருளும் மொழியில் பழையவைதாம். ஆனால் வழக்கில் ஒன்று மற்றதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

கலைஞர்களை அழைத்து, சபை முன் உட்காரவைத்து, பேசவைத்து, நடுவே பாட்டும் வைத்து, இதைக் குறித்த நாளில் தவறாமல் நடத்துகிறவனின் காரியத்தைப் பற்றி யோசிக்கையில் இது எனக்கு வெறும் அகராதி விஷயமாகப் படவில்லை. அவன் எந்தப் பொருளில் கேட்பவன் என்பதைப் பொறுத்துத்தான் அவன் செய்வது நியாயமா இல்லையா என்பது தீர்மானமாகிறது என்று நினைக்கிறேன். செங்கல்பட்டில் ஒரு மாடி அறையில், மாதத்துக்கு ஒருமுறை, சில ஆண்டுகள் இந்தக் காரியத்தைச் செய்தவன் என்ற அளவில்தான் இதை எழுத எனக்குப் பாத்தியதை. நாற்பது பேர் உட்காரலாம். ஒரு விருந்தாளி, ஒன்றரை மணி நேரம், இடையே இரண்டு மூன்று பாட்டு. ஒலிப்பதிவு கிடையாது. சொன்னது சொன்னதுதான்; பிறகு உட்கார்ந்து வெட்டி ஒட்ட வழியில்லை.

விஷயம் சுலபமானது போலத் தோன்றும். அழைத்தோம், அவர் சம்மதித்து வந்தார், பேசினார், கேட்டவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். இதில் தர்மசங்கடம் எங்கே வந்தது? அவரை அழைத்தது அவருடைய கலைக்காக. சபையில் நாம் எதிர்பார்ப்பதோ ஆளை. பாட்டோ சிற்பமோ கூத்தோ அவர் மனமறிந்து நமக்குக் கொடுத்தது. அதைச் செய்கிற மனிதனின் பயம், கடன், வீட்டு நிலைமை இவையெல்லாம் அவர் கொடுத்தவை அல்ல; நாம் விசாரித்து வாங்குபவை. ஆளைப் பிரதானமாக்கிவிட்டுக் கலையைத் தொடுகறியாக்குகிற ஆபத்து இந்த நிகழ்ச்சி வடிவத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நடத்துகிறவனின் நல்லெண்ணம் மட்டும் அதற்கு மருந்தாகாது.

இந்த வடிவம் தொலைக்காட்சியோடு மேற்கிலிருந்து வந்து இறங்கியது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்துக்காரர்கள் அப்படி எண்ண வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கி வில்லிபாரதத்தை எடுத்துச் சொல்ல, பாட்டும் ஆர்மோனியமும் துணைக்கு வர, நாள் தவறாமல் கதை நகரும். பேச்சு, பாட்டு, குறித்த நாள், கண்முன் சபை என்று எல்லாமே அங்கே உண்டு. இரவுக் கூத்திலோ சபைக்கும் வேஷத்துக்கும் நடுவில் நிற்பதற்கென்றே ஒருவன் இருக்கிறான். அவன் கட்டியங்காரன்.

கூத்தில் வேஷம் நேராகச் சபைக்குள் வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வருகிறது. கிரீடம் கொஞ்சம் தெரிகிறது, மறைகிறது. திரை விலகிய பின் கட்டியங்காரன் விசாரிக்கிறான்: தாங்கள் யார், எந்த தேசம், என்ன காரியமாக இங்கே வந்தது? வந்திருப்பது துரியோதனன் என்று கட்டியங்காரனுக்குத் தெரியும். சபைக்குத் தெரியும். முன்னால் தூங்கி விழுகிற குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் கேட்டாக வேண்டும். கேட்டால்தான் துரியோதனன் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியும்.

இந்தக் கேள்வி தகவல் தேடுகிற கேள்வி அல்ல. வருகிறவன் தன் முழு உயரத்தில் நிற்பதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிற கேள்வி. கட்டியங்காரன் சாதுவல்ல, ராஜாவைக் கேலி செய்வான், ஊர் வம்பை இழுப்பான், சபையைச் சிரிக்கவைப்பான். ஆனால் கிரீடத்துக்குக் கீழே இருக்கும் ஆளைப் பிடித்து, அவன் பகலில் யார் கொல்லையில் வேலை செய்கிறான் என்று அம்பலப்படுத்துவது அவன் உத்தியோகத்தில் சேராது. சேர்ந்தால் அன்றைக்குத் துரியோதனன் இல்லை.

இதைப் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. கட்டியங்காரனின் முறையை அப்படியே எடுத்து நம் மாடி அறையில் வைக்க முடியாது. துரியோதனன் கதை சபைக்குப் பொதுச்சொத்து. இன்றைய கவிஞனுக்கோ ஓவியனுக்கோ அப்படிப் பொதுக்கதை இல்லை. அவன் வேஷம் இல்லாமல் வருகிறான். அவன் யார் என்பது சபைக்கு நிஜமாகவே தெரியாது. ஆகவே அவனிடம் கேட்கிற கேள்வி நிஜமான கேள்வியாக இருந்தாக வேண்டியிருக்கிறது. ந. முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிப் புரிசை கண்ணப்ப தம்பிரானோடு உறவு கொண்டபோது எதிர்கொண்டதும் இதே வகைப் பிரச்சினைதான் என்று நினைக்கிறேன். கூத்தின் அசைவையும் குரலையும் பயிலலாம். கூத்துக்குப் பின்னால் இருக்கும் கோயிலையும் ஊரையும் பயில முடியாது. பொதுக்கதை போன பிறகு எதை வைத்துப் பேசுவது என்பது நவீன கலைஞனின் கேள்வி. அவனை எதை வைத்துக் கேட்பது என்பது நடத்துகிறவனின் கேள்வி.

மேற்கில் இதற்குக் கிடைத்த விடைகளைப் பார்க்கலாம். பிரான்ஸில் பெர்னார் பிவோ 1975 முதல் 1990 வரை 'அப்போஸ்த்ரோஃப்' என்ற இலக்கிய உரையாடலை வெள்ளிக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சியில் நேரடியாக நடத்தினார். எழுத்தாளர்களை நான்கைந்து பேராக உட்காரவைத்துப் பேசவிடுவது வழக்கம். 1975-ல் நபக்கோவ் தனியாக வந்தார். கேள்விகளை முன்பே வாங்கிக்கொண்டு, பதில்களை அட்டைகளில் எழுதி எடுத்து வந்து, புத்தகங்களுக்குப் பின்னால் அவற்றை மறைத்துவைத்துப் படித்தார். தேநீர்ப் பாத்திரத்திலிருந்து அவர் குடித்தது விஸ்கி என்பதைப் பிவோ பின்னால் சொன்னார். 1978-ல் சார்ல்ஸ் புகோவ்ஸ்கி வந்தார். எதையும் மறைக்காமல் பாட்டிலோடு குடித்து, போதை ஏறி, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போனார்.

இரண்டாவதை ஆபாசம் என்றும் முதலாவதைப் போலித்தனம் என்றும் சொன்னவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் ஒரே பதிலின் இரண்டு உருவங்களாகத் தெரிகின்றன. நான் தயாராகாத நேரத்தில் என்னை எடுத்துக்கொள்ளாதே என்கிறார் ஒருவர். அவர் திரைக்குப் பின்னாலிருந்து பாடுகிற வேஷக்காரர். உனக்கு வேண்டியது ஆள்தானே, இந்தா எடுத்துக்கொள் என்று மற்றவர் தன்னைக் கொட்டிவிட்டுப் போகிறார். நேரடி நிகழ்ச்சியின் கவர்ச்சியே விருந்தாளி எதிர்பாராமல் எதையாவது வெளிவிடுவான் என்பதுதான். இருவருமே அந்தக் கவர்ச்சியைப் புரிந்துகொண்டவர்கள். அதற்கு இணங்கிப் போக மறுத்தவர்கள்.

இன்னோர் உதாரணம் ஜெர்மனியிலிருந்து. குந்தர் கௌஸ் 1963-ல் தொடங்கிய பேட்டி வரிசையில், 1964-ல் ஹன்னா அரெண்டைப் பேட்டி கண்டார். காமிரா அரெண்டின் முகத்திலேயே இருக்கிறது. கௌஸ் பெரும்பாலும் முதுகாகவும் குரலாகவுமே தெரிகிறார். அவர் தலையாட்டுவதையோ நெகிழ்வதையோ நாம் பார்ப்பதில்லை. பார்க்கிறவனின் கவனத்தில் கேட்பவன் பங்கு கேட்கவில்லை. அதற்காக அவர் கேள்விகள் மிருதுவானவை அல்ல. நிறையப் படித்துவிட்டு வந்தவனின் கறாரான கேள்விகள். கேட்பவன் ஒதுங்கி நிற்பது வேறு, ஒன்றும் தெரியாமல் நிற்பது வேறு என்பதற்கு அந்த ஒரு மணி நேரம் சாட்சி.

மேற்கத்திய உதாரணங்களில் கிடைக்காத ஒரு சிக்கல் நம்மிடம் இருக்கிறது. நாம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை.

எங்கள் கூட்டத்துக்கு ஒருமுறை வீணை வித்வான் ஒருவர் வந்தார். அடுத்த மாதம் வந்தவர் கட்டியங்காரன் வேஷம் போட்டே தலை நரைத்த ஒரு கூத்துக்காரர். சபையில் ஒரு நண்பர், படித்தவர், இரக்கமுள்ளவர், இரண்டு கூட்டத்துக்கும் வந்திருந்தார். வித்வானிடம் அவர் கேட்டது தானம் வாசிப்பதைப் பற்றி. அடுத்த மாதம் எழுந்து, "ஐயா, ஒரு ராத்திரி ஆடினா என்ன குடுப்பாங்க? அதுல குடும்பம் ஓடுதுங்களா?" என்று கேட்டார். கூத்துக்காரர் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு கட்டியங்காரன் குரலை எடுத்து, "தாங்கள் யார், எந்த தேசம், தங்களுக்கு மாதம் என்ன சம்பளம்?" என்று திருப்பினார். சபை சிரித்தது. நண்பரும் சிரித்தார். சம்பளத்தை மட்டும் அவர் சொல்லவில்லை.

நண்பரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்டது நாம் எல்லோரும் கேட்பது. வித்வானிடம் ராகம், கூத்தாடியிடம் வயிறு என்று நம்முடைய கேள்விகள் தானாகவே பிரிந்துகொள்கின்றன. சென்னையில் மியூசிக் அகாதெமி 1928-ல் ஏற்பட்டது. அதன் மாநாட்டுக் காலைகளில் ஒரு ராகத்தின் லட்சணம் என்ன, எந்தப் பிரயோகம் சம்பிரதாயம், எது பிற்காலத்தது என்று வித்வான்கள் கூடி விவாதித்து வந்திருக்கிறார்கள். அந்த விவாதங்கள் அச்சிலும் வந்திருக்கின்றன. அங்கே வந்த வித்வான்கள் எல்லோரும் செல்வந்தர்கள் அல்ல. ஆனாலும் சபை அவர்களுடைய கையையும் குரலையும்தான் விசாரித்தது. அப்படி விசாரிக்கப்படுவது ஒரு மரியாதை. உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற மரியாதை.

கூத்துக்காரரிடம் கேட்பதற்கு விஷயம் இல்லாமலா போயிற்று? ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பின்னிரவு வரை அந்த உச்சக் குரலை எப்படிக் காப்பாற்றினார்கள்? கூத்தில் பாடுகிற முகாரிக்கும் சபா முகாரிக்கும் என்ன தூரம்? முகம் எழுதுவதற்கு எத்தனை நாழிகை, எந்த வண்ணம் முதலில்? கிரீடமும் புஜகீர்த்தியும் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்வது கனமில்லை என்பதற்காக மட்டும்தானா? விடியப் போகிறது, கதை இன்னும் பாதி நிற்கிறது. அப்போது கட்டியங்காரன் எந்த இடத்தைச் சுருக்குவான், எப்படிச் சக நடிகனுக்கு ஜாடை சொல்வான்? இந்தக் கடைசி விஷயத்தை அன்று அவரே எடுத்தார். கதையைச் சுருக்கலாம், பாட்டைச் சுருக்கக் கூடாது, பாட்டைச் சுருக்கினால் வேஷக்காரனுக்கு மூச்சு தப்பிப்போகும் என்றார். இரவு முழுவதையும் தன் கைக்குள் வைத்திருந்த ஒருவர் சொன்ன சாஸ்திரம் இது. நிகழ்ச்சி நடத்துகிற எவனும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது வலுவான வாதம். கலையை மட்டும் கேள், வயிற்றைக் கேட்காதே என்பது வசதியுள்ளவர்களின் நாசூக்கு அல்லவா? கூத்துக்காரனின் கூலியைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் மௌனமாக இருந்துகொண்டு அவனுடைய முகாரியைச் சிலாகிப்பது இன்னொரு பொய் அல்லவா? நம் ரசனை உலகம் இந்தப் பொய்யை நீண்ட காலம் சொல்லி வந்திருக்கிறது. 2015-ல் பெசன்ட் நகர் கடற்கரையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், டி. எம். கிருஷ்ணாவும் மற்றவர்களும் சேர்ந்து மீனவர் குப்பத்திலேயே கர்நாடக சங்கீதமும் பிற கலைகளும் இடம்பெற்ற விழா ஒன்றைத் தொடங்கியபோது கிளம்பிய சர்ச்சையில், எந்தக் கலை யாருடைய வாசலுக்குப் போகலாம் என்கிற கணக்குகள் எல்லாம் வெளியே வந்தன. கலையைப் பற்றிய பேச்சு கூலியையும் ஜாதியையும் தொடாமல் போக முடியாது.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி யாரிடம் வைக்கப்படுகிறது, எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதும் கேள்வியின் பகுதிதான். கூலி குறைவு என்பது வாங்குகிறவன் சபை முன்னால் விளக்க வேண்டிய விஷயம் அல்ல. கொடுக்கிறவன் விளக்க வேண்டியது. ஊர்ப் பெரியதனக்காரர்களையும் விழாக் கமிட்டிகளையும் அரசு அலுவலகங்களையும் கேட்க வேண்டியதைக் கூத்தாடியிடம் கேட்டு, அவன் கண் கலங்கினால் நாமும் கலங்கி, அந்தக் கலக்கத்தோடு ஒரு பாட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில் நீதி ஒன்றும் நடந்துவிடவில்லை. நடந்தது ஒரு ரசானுபவம். அதற்குக் கச்சாப்பொருள் அவனுடைய பசி. அவனாகவே சொல்ல விரும்பினால் மேடை அவனுடையது. அவன் கோபத்தோடு சொன்னாலும் கேட்க வேண்டியதுதான். கேட்டு வாங்குவது வேறு.

எங்கள் கூட்டத்தில் யார் வந்தாலும் ஒரே தொகை, உட்காருவதற்கு முன்பே கையில் என்று வைத்திருந்தோம். வருகிறவர்கள் போடுகிற பணம்; பெரிய தொகை அல்ல. இதனால் சமத்துவம் வந்துவிடவில்லை என்பதும் தெரிந்த விஷயம்தான். வித்வானுக்கு அது ஒரு தாம்பூல மரியாதை. கூத்துக்காரருக்கு அது ஒரு கூலி. அதே நோட்டுகள் இரண்டு கைகளில் இரண்டு எடை. ஆனாலும் பணம் முன்பே கைமாறிவிட்டால் ஒன்று நிச்சயம். பிறகு அவர் பேசுவதோ பேசாமல் இருப்பதோ எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி அல்ல.

பேசாமல் இருப்பது என்பது பெரிய விஷயம். கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் சின்னங்களும்' என்ற வரிசையில் ஓவியங்கள் வரைந்தார். அவற்றில் ஜாதகக் கட்டங்கள் போலவும் ஓலைச்சுவடி போலவும் எழுத்துகள் நெருக்கமாக வரும். பார்த்தால் எழுத்து, படித்தால் ஒன்றும் இல்லை. அவர் முன்னின்று, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஈஞ்சம்பாக்கத்தில், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. அங்கே போய் உட்கார்ந்த ஓவியர்கள் பாத்திக் போன்ற கைவேலைகள் செய்து விற்று ஜீவனத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றுக்கு வேறு வழி பண்ணிக்கொண்டால் வாங்குகிறவனின் இஷ்டத்துக்கு ஓவியம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அந்த ஏற்பாட்டின் தர்க்கம். பணிக்கர் 1977-ல் காலமானார். இன்று ஈஞ்சம்பாக்கம் சென்னைக்குள் வந்துவிட்டது. கிராமம் அங்கேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஓவியன் ஒருவனை அழைத்து உட்காரவைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நேரடி நிகழ்ச்சியில் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நேர்மையான பதில் மௌனம்தான். நிகழ்ச்சிக்கோ மௌனம் ஆகாது. வானொலியில் பத்து விநாடி மௌனம் என்றால் நிலையம் பழுதாகிவிட்டது என்று அர்த்தம். ஆகவே ஓவியன் எதையாவது சொல்கிறான். அடுத்த நாள் முதல் ஜனங்கள் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. அவன் சொன்ன எதையாவது பார்க்கிறார்கள்.

மௌனத்தை மூடுவதற்குத்தான் பெரும்பாலும் பாட்டு பயன்படுகிறது. பேச்சு கனத்துவிட்டால் ஒரு பாட்டு. விருந்தாளி தடுமாறினால் ஒரு பாட்டு. நேரம் மிஞ்சினால் ஒரு பாட்டு. நேரம் போதாவிட்டால் பல்லவியோடு அதற்கு முற்றுப்புள்ளி. கூத்தில் பாட்டு பாத்திரத்தின் சொந்தப் பேச்சு. வசனம்தான் அதற்கு விளக்கம். நம் நிகழ்ச்சிகளில் இது தலைகீழ். பேச்சு சோறு, பாட்டு தண்ணீர், விக்கினால் குடிப்பதற்கு. பாடகரை இப்படி அழைப்பதைவிட அழைக்காமல் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

குறித்த நாளில் தவறாமல் நடத்துவதால் வருகிற கெடுதல் ஒன்று தனியாகவே உண்டு. மாதம் பிறந்துவிடும். யாரையாவது பிடித்தாக வேண்டும். நாளடைவில் நடத்துகிறவன் மனிதர்களைப் பார்க்கிற விதம் மாறிவிடுகிறது. கல்யாண வீட்டில் நாகஸ்வரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இவர் ஆகஸ்ட் மாதத்துக்கு ஆவார் என்று மனம் கணக்குப் போடும். ஒரு மூத்த கலைஞர் நோயில் படுத்திருக்கிறார் என்று காதில் விழுந்தால், சீக்கிரம் கூப்பிட்டுவிட வேண்டும் என்பது முதல் நினைப்பாகவும், ஐயோ என்பது இரண்டாவது நினைப்பாகவும் வரும். கைபேசியில் ஆளாளுக்கு நிகழ்ச்சி நடத்துகிற இந்தக் காலத்தில் இந்தப் பசி இன்னும் பெருத்திருக்கிறது; மாதத்துக்கு ஒருவர் போதாமல் நாளுக்கு ஒருவர் வேண்டியிருக்கிறது. தொடர்ச்சி ஒரு நற்குணம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதழ் வெளிவர வேண்டும் என்பதற்காகவே வெளிவந்த இதழ்கள் எவை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் கேட்கவே கூடாதா? கேட்கலாம். எப்படி என்பதை மாமல்லபுரத்திலிருந்து வந்த ஒரு சிற்பியிடம் பார்த்தேன். அங்கே 1957-ல் பயிற்சி மையமாகத் தொடங்கியது இன்று அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது; கல்லூரிக்கு வெளியிலும் சாலை நெடுக உளிச்சத்தம்தான். வந்தவர் பேச்சில் ஆர்வமில்லாதவர். கையோடு மூன்று கல் துண்டுகளும் சுத்தியலும் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாகத் தட்டினார். ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று ஓசையை வைத்துப் பிரிப்பது பழைய சாஸ்திரம். வெண்கல மணி போல ஒன்று ஒலித்தது. ஒன்று அதைவிட மெலிந்தது. ஒன்றில் சத்தமே எழவில்லை. சபை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுபடி தட்டச் சொன்னார்கள். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்டதற்கு, கல்லுக்குக் காது கொடுக்கிற அளவுக்கு என்று பதில் சொன்னார். அதற்கு மேல் தட்டினால் உடைப்பதற்குத்தான் என்றார்.

சுத்தியலும் கேட்கிறது, காதும் கேட்கிறது. இரண்டும் ஒரே வினையாக இருக்க வேண்டியதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. தட்டுவது ஓசையைக் கல்லுக்குக் கொடுப்பதில்லை. கல்லிடம் இருப்பது வெளியே வர வழி பண்ணுகிறது. ஓசை வரவில்லை என்றால் அதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சத்தம் வரும்வரை அடிப்பது சிற்பியின் வேலையல்ல.

மாமல்லபுரம் என்றதும் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் இரண்டு கட்சிகள் இன்னும் இருக்கின்றன. கூத்து நடக்கும் ஊர்களில் இந்தச் சந்தேகம் கிடையாது. அங்கே அர்ச்சுனன் வேஷக்காரர் பனையுயரத் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து பூவும் விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார். கீழே பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். எது விழும், யார் முந்தானையில் விழும் என்பது தெரியாது. விழாமலும் போகலாம். கேள்வி என்பதன் பழைய பொருளுக்கு இதைவிடத் தெளிவான உருவத்தை நான் பார்த்ததில்லை.

மாமல்லபுரத்துப் பாறையிலோ இன்னொரு உருவமும் இருக்கிறது. தவசியைப் போலவே பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிய பூனை. பக்கத்தில் எலிகள். சுற்றுலா வந்தவர்கள் சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். விருந்தாளிக்கு எதிரே உட்கார்ந்து, தலையாட்டி, சரியான இடத்தில் கண் பனித்து, மெல்லிய குரலில் அடுத்த வினாவை எடுக்கிறவனைப் பார்க்கையில் எனக்கு இந்தப் பூனை ஞாபகம் வரும். நிற்கிற நிலையை வைத்துத் தவசியையும் பூனையையும் பிரிக்க முடியாது. கை ஒரே மாதிரிதான் உயர்ந்திருக்கிறது. எலிகளுக்கு என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம். நிகழ்ச்சி முடிந்து விருந்தாளி படியிறங்கும்போது, வந்தபோது இருந்ததைவிடக் குறைந்துபோயிருக்கிறாரா என்று பார்த்தால் நடத்தியவன் யார் என்பது தெரிந்துவிடும்.

சபைக்கு இந்தச் சோதனை பிடிக்காது. சபைக்கு வேண்டியது நல்ல சாயங்காலம். அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வேலை முடிந்து, பஸ் பிடித்து, செங்கல்பட்டு மாதிரி ஊரில் ஒரு மாடி ஏறி வருகிறவர்களுக்குக் கலையும் பேச்சும் கிடைக்க வேண்டும். அவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் நடத்துகிறவனுக்கு உரிமை இல்லை. இந்த இரண்டு கடமைகளுக்கும் நடுவில் அவன் நிற்கிறான். இரண்டும் மோதுகிற இடத்தில் விருந்தாளியின் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. சபை நாற்பது பேர், அவர் ஒருவர். சபை அடுத்த மாதமும் வரும், அவர் வரமாட்டார்.

சில்லறை விதிகளாகத்தான் இதைச் சொல்ல முடிகிறது. பணம் முன்னால். ராகத்தை யாரிடம் கேட்போமோ அவரிடம் கேட்கும் அக்கறையோடு எல்லோரிடமும் கேட்பது. அதற்கு வேண்டிய படிப்பைப் படித்துவிட்டு வருவது. பாட்டைப் பாதியில் நிறுத்தாமல் இருப்பது. பதில் வராத கேள்வியை வேறு வார்த்தைகளில் மறுபடி கேட்காமல் இருப்பது. தகுந்தவர் கிடைக்காத மாதத்தில் அறையைப் பூட்டிவைப்பது.

கடைசி விதிதான் கஷ்டம். இந்த மாதம் கூட்டம் இல்லையா என்று நாலு பேராவது கேட்பார்கள்.